நண்பன் பாஸ்வேர்டில் அம்மா பார்க்கும் சீரியல்: இது திருட்டா, இல்லையா?

தாமிரபரணி_75 (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

அம்மா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறாள். நான் சென்னையில். மூன்று வருடத்துக்கு முன்பு அம்மாவின் டிவியில் ஒரு ஓடிடி ஆப் போட்டுக் கொடுத்தேன். சந்தா என்னுடையதல்ல, திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறையில் இருந்த நண்பனுடையது. அவனே பாஸ்வேர்டைத் தட்டி, "ஆச்சி" என்று ஒரு புரொஃபைலும் போட்டுத் தந்தான். அம்மா சீரியல் பார்க்கிறாள், பழைய படம் பார்க்கிறாள், சமயத்தில் டப்பிங் செய்த கொரியத் தொடரும் பார்க்கிறாள். இதுவரை நானும் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

இப்போது அந்த நிறுவனம் பத்து நாளைக்கு ஒருதரம் வெளியே தள்ளிவிடுகிறது. மறுபடி உள்ளே போக ஓடிபி வேண்டும். அது நண்பனுடைய போனுக்குத்தான் வரும். முதலில் நான் நடுவில் இருந்து வாங்கிக் கொடுத்தேன். இப்போது அம்மாவே நேராக அவனைக் கூப்பிட்டு "நம்பர் வந்துச்சா தம்பி" என்று கேட்டுவிட்டு, அவன் பிள்ளைக்குச் சளி விட்டதா, வீட்டு லோன் எந்த நிலையில் இருக்கிறது என்று அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் வைக்கிறாள்.

போன வாரம் ஆபீசில் ஒரு பையன் டெலிகிராமில் புதுப்படம் இறக்கிக்கொண்டிருந்தான். "நல்லா சம்பாதிக்கிறே, இது தேவையா" என்றேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்க யார் ஐடியில பாக்கறீங்க சார்?" என்றான்.

பதில் வரவில்லை. சந்தா மாதம் 299 ரூபாய், அது எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் நான் செய்வதும் அவன் செய்வதும் ஒன்றுதானா? அப்படியே கொடுப்பதென்றாலும் யாருக்குக் கொடுப்பது, நண்பனுக்கா, நிறுவனத்துக்கா?

சும்மா_ஒரு_ஆள்

அண்ணே, கோடிக்கணக்கில் புரளுகிற கம்பெனிக்கு உங்க 299 வந்துதான் அடுப்பெரியணுமா? ஆச்சியை நிம்மதியாக சீரியல் பார்க்க விடுங்க.

டிடிகே_90

இந்த இழையைப் பார்த்ததும் எங்கள் ஊர் மியூசிக்கல்ஸ் கடைதான் ஞாபகம் வருகிறது. எண்பதுகளின் கடைசி. கோடு போட்ட தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, ஒரு வெற்று டிடிகே கேசட்டோடு கொடுத்தால் மூன்று நாள் கழித்துப் பதிந்து தருவார்கள். அட்டையில் அந்த அண்ணன் சிவப்பு மையில் பாட்டின் முதல் வரியை எழுதித் தரும் அழகுக்காகவே நான் போவேன். பி சைடு கடைசியில் இடம் மிஞ்சினால் அவருக்குப் பிடித்த பாட்டொன்றைச் சேர்த்துவிடுவார், அதற்குக் காசு வாங்கமாட்டார்.

அந்த வியாபாரம் முழுக்க முழுக்கச் சட்டவிரோதம். இசையமைப்பாளருக்கோ பாட்டு எழுதியவருக்கோ பாடியவருக்கோ அதிலிருந்து ஒரு நயா பைசா போகவில்லை. ஊரில் யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவும் இல்லை. கடைக்காரருக்குக் காசு கொடுத்தோமே, அப்புறமென்ன என்ற எண்ணம்தான்.

பிறகு 2017-ல், தன் பாடல்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே கொதித்தது. நானும் கொதித்தவன்தான். நோட்டீஸ் போனவிதம் சரியா என்பது வேறு பேச்சு. ஆனால் என் பரணில் இருந்த நாற்பது கேசட்டில் எத்தனைக்கு அவருக்குக் காசு போயிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

சட்டப்புள்ளி

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தனியாக வைத்துவிட்டுப் பேசினால் நல்லது, சட்டத்தையும் மனசாட்சியையும் போட்டுக் குழப்புகிறோம்.

தியேட்டரில் கேமராவை நீட்டுபவருக்கு 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். அதிகபட்சம் 3 ஆண்டு, படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம். தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2004-ல், திருட்டு விசிடி ஆட்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சாராயம் காய்ச்சுபவர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர், அவர்களுக்குப் பக்கத்தில் விசிடி விற்றவர்.

ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்? 2016-ல், முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தாலே "பார்த்தால் 3 ஆண்டு ஜெயில்" என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வந்து எல்லோரும் பயந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பார்ப்பது மட்டுமே குற்றமல்ல என்று சொல்லி அந்த வாசகத்தை மாற்றச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம்.

பாஸ்வேர்டு பகிர்வது பெரும்பாலும் ஒப்பந்தப் பிரச்சினை. நெட்பிளிக்ஸ் 2017-ல், பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு என்ற பொருளில் ட்விட்டரில் எழுதியது. அதே நிறுவனம் 2023 ஜூலையில் இந்தியாவில் அந்தக் கதவைச் சாத்தியது. இடைப்பட்ட ஆறு வருடத்தில் ஒழுக்கம் ஒன்றும் மாறிவிடவில்லை, அவர்களுடைய கணக்குதான் மாறியது. ஆள் பிடிக்கிற காலத்தில் அவர்களே பந்தி விரித்தார்கள். பிறகு இலையைக் கணக்கெடுக்க வந்துவிட்டார்கள்.

ஆகவே தாமிரபரணி, நீங்கள் ஜெயிலுக்கெல்லாம் போகமாட்டீர்கள். உறுத்தல் போகுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மாடித்தோட்டம்

நான் ஒழுங்காகக் காசு கட்டுபவள், என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். ஒரு படம் இந்தத் தளத்தில், அடுத்த பாகம் அந்தத் தளத்தில், கிரிக்கெட் இன்னொன்றில். எல்லாவற்றுக்கும் கட்டினால் எங்கள் வீட்டுப் பால் கணக்கைத் தாண்டிவிடுகிறது. போதாததற்கு 2025 ஜூனிலிருந்து பிரைம் வீடியோவில் சந்தா கட்டியவர்களுக்கும் விளம்பரம். அது வேண்டாமென்றால் வருடத்துக்கு 699 ரூபாய் தனி. ஏற்கெனவே காசு வாங்கிவிட்டு, நடுவில் பல்பொடி விளம்பரமும் போட்டால் கோபம் வராதா?

இதைச் சொல்லி நான் டெலிகிராம் பக்கம் போகவில்லை. இரண்டை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். பார்க்காவிட்டால் உயிரா போய்விடும்? அரிசி பருப்பு திருடுகிறவருக்குப் பசி என்று ஒரு நியாயம் உண்டு. புதுப்படத்துக்கு அந்த நியாயத்தைக் கொண்டுவராதீர்கள், ப்ளீஸ்.

சும்மா_ஒரு_ஆள்

அக்கா, அரிசியை எடுத்தால் கடையில் அரிசி குறையும். நான் ஒரு ஃபைல் இறக்கினால் யாரிடம் என்ன குறைந்தது? இறக்காவிட்டாலும் தியேட்டருக்குப் போகப்போவதில்லை. அவர்களுக்கு வராத காசு வராததுதான். இதில் நஷ்டம் எங்கே, காட்டுங்கள் பார்ப்போம்.

கட்டிங்_டேபிள்

காட்டுகிறேன்.

நான் உதவி எடிட்டர். போன வருடம் ஒரு சின்னப் படத்தில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். சம்பளத்தில் 40,000 பாக்கி. "ரிலீஸ் ஆகட்டும் தம்பி, முதல்ல உனக்குத்தான்" என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு நானும் சவுண்டு பார்த்த நண்பரும் போனோம். எங்களையும் சேர்த்து 11 பேர். சாயங்காலம் டெலிகிராமில் லிங்க் வந்துவிட்டது.

நான் அந்த சேனலில் சேர்ந்தேன், கோபத்தில் இல்லை, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். பார்வைக் கணக்கு கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. தியேட்டரில் மொத்தமாகப் பார்த்தவர்களைவிட அங்கே ஒரே ராத்திரியில் அதிகம். கீழே கமென்ட். "லோ பட்ஜெட்ல நல்ல முயற்சி." "இந்த மாதிரி படத்துக்கெல்லாம் சப்போர்ட் பண்ணணும் மக்களே." ஒருவர், "700 எம்பி பிரிண்ட் இருக்கா, நெட் தீர்ந்துடும்" என்கிறார். இன்னொருவர், இடைவேளைக்குப் பிறகு ஒரு இடத்தில் கட் குதிக்கிறது என்று எழுதியிருந்தார். அது நான் போட்ட கட். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். பெரிய நடிகர் படமென்றால் ரிலீசுக்கு முன்பே சேட்டிலைட், டிஜிட்டல் உரிமை எல்லாம் விற்றுவிடும். வெளியூர் ஏரியா எம்.ஜி.யில், அதாவது விநியோகஸ்தர் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையை முன்கூட்டியே கட்டி எடுக்கிற முறையில், போய்விடும். நீங்கள் இறக்கினால் அடி விழுவது விநியோகஸ்தருக்கும் தியேட்டருக்கும், நாயகன் வாங்கியது வாங்கியதுதான். சின்னப் படத்தை முன்கூட்டி யாரும் வாங்குவதில்லை. ரிலீஸ் ஆன பிறகு தளங்களின் வாசலில் நிற்கவேண்டும். மொத்தப் பணம் தராமல், எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டதோ அதற்கு இவ்வளவு என்று எண்ணித் தருகிற ஒப்பந்தம்தான் பல படங்களுக்குக் கிடைக்கிறது. டெலிகிராமில் ஏற்கெனவே பார்த்து முடித்தவர் அங்கே வந்து மறுபடி ஒரு மணி நேரம் பார்ப்பாரா? கோடீஸ்வரனை அடிக்கிறேன் என்று நீங்கள் வீசுகிற கல் அவன் காருக்கு எட்டுவதே இல்லை. நடுவில் நிற்கிற எங்கள் மண்டையில் விழுகிறது.

40,000 இன்னும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த சேனலில், நான் இந்தப் படத்தில் வேலை செய்தவன் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஒருவர் தனியாக வந்து, "ப்ரோ, ஸாரி, உங்க ஜிபே நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு 100 ரூபாய் போட்டுவிட்டார். வாங்கிக்கொண்டேன். சவுண்டு நண்பரோடு வடபழனியில் டிபன் சாப்பிட்டேன். அது தயாரிப்பாளருக்குச் சேரவேண்டிய காசு என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

சும்மா_ஒரு_ஆள்

சரி. இது எனக்குத் தெரியாது. பெரிய படம் மட்டும்தான் இறக்குவேன் என்று சொல்ல வாயெடுத்தேன், விநியோகஸ்தர் என்று நடுவில் போட்டுவிட்டீர்கள்.

பால்கனி_டிக்கெட்

தம்பி கட்டிங்_டேபிள் தியேட்டர் என்று சொன்னதால் வருகிறேன். எங்கள் குடும்பம் மதுரைக்குத் தெற்கே ஒரு ஊரில் கொட்டகை வைத்திருந்தது. இப்போது அது கல்யாண மண்டபம். திரை இருந்த இடத்தில்தான் மணவறை.

ஒருமுறை எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நெட்டில் ஓடிய திருட்டுப் பிரதி எங்கள் தியேட்டரில், ஞாயிறு இரவுக் காட்சியில் எடுக்கப்பட்டதாம். எப்படித் தெரியுமென்றால், டிஜிட்டல் புரொஜக்‌ஷனில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டர்மார்க் ஓடும். பிரதியைக் கம்ப்யூட்டரில் போட்டால் எந்தத் தியேட்டர், எந்தத் தேதி, எந்தக் காட்சி எல்லாம் வந்துவிடும். எடுத்தவன் எவனோ, அவன் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. படம் தரமாட்டோம் என்றார்கள். அப்பா நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்தார். அதன்பிறகு இடைவேளையில் டார்ச் அடித்து ஒவ்வொரு வரிசையாகப் போனைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. குடும்பத்தோடு வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் திருட்டுப் பிரதியால்தான் கொட்டகை போயிற்று என்று சொன்னால் அது பொய். பெரிய படம் வந்தால் முதல் மூன்று நாள் அரசு சொன்ன விலைக்கா நாங்கள் டிக்கெட் கொடுத்தோம்? சீட்டில் ஒரு விலை, கையில் ஒரு விலை. எங்கள் தரப்பில், விநியோகஸ்தர் அதிக விலைக்குத் தலையில் கட்டினார், அதை எடுக்க வேறு வழியில்லை என்போம். ஸ்டாண்டில் வண்டிக்குத் தனி வசூல், கேன்டீனில் சமோசா கல் மாதிரி. ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்துப் போனவன் அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் விசிடி வாங்கினான். அவனை நான் எந்த வாயால் திருடன் என்பது? அப்பா கடைசிவரை சொன்னார். நான் சொன்னதில்லை.

கனடா_குளிர்

நாங்கள் யாழ்ப்பாணத்தில் படம் பார்த்த விதத்தை இங்கே எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள் என்று தெரியவில்லை. கரண்ட் இல்லாத காலம். ஜெனரேட்டர், டிவி, வீடியோ டெக் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை (உங்கள் பேச்சில் சந்து) முழுக்கக் காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து விடியவிடிய மூன்று படம். கொப்பிக்கு மேல் கொப்பி எடுத்த கசற், நாயகியின் முகம் பச்சையாகத் தெரியும். மண்ணெண்ணெய் முடிந்தால் கதை பாதியில் நிற்கும், மிச்சத்தை யாராவது பெரியவர் ஊகித்துச் சொல்லுவார். காசு கட்டத்தான் எங்களுக்கு விருப்பம். யாரிடம் கட்டுவது? அந்த வழியே இருக்கவில்லை.

பிறகு ரொறன்ரோ வந்தால் தமிழ்ச் சானல் எல்லாவற்றையும் இன்டர்நெட் வழியாகத் தருகிற ஐபிடிவி பெட்டி. மாதக் காசு வாங்குகிறார்கள், ஆனால் அது சானல்காரருக்குப் போகிறதில்லை, பெட்டிக்காரருக்கே போகிறது. அம்மம்மா அதைக் "கேபிள்" என்றே சொல்லுவா, காசு கட்டுகிறோம் என்ற நிம்மதியோடுதான் பார்த்தா. முந்தி ஊரில் வழி இல்லை. இங்கே பெரும்பாலானதற்கு வழி வந்துவிட்டது, பெட்டி மட்டும் போகவில்லை. மலிவு என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு காரணம் இல்லை. அதை "எங்களுக்குக் கிடைக்காது" என்ற பழைய சட்டையைப் போட்டு மறைக்கிறோம் என்று நினைக்கிறேன்.

டிடிகே_90

கனடா நண்பர் சொன்ன "வழியே இல்லை" என்பதில் ஒரு வகை இன்னும் மிச்சம் இருக்கிறது. பழைய படங்கள். தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ், 1931. அதன் பிரதி இன்றைக்கு எங்கேயும் இல்லை. அப்படிப் போனவை எத்தனையோ. எழுபதுகளின் பல படங்கள் எந்தத் தளத்திலும் கிடையாது. யாரோ ஒருவர் வீட்டு விசிடியிலிருந்து யூடியூபில் ஏற்றி வைத்ததுதான் இருக்கிற ஒரே பிரதி. இந்தியாவில் படத்துக்கான உரிமை 60 ஆண்டுதான், அதனால் ஐம்பதுகளின் படங்களில் அந்தப் பிரச்சினையும் முடிந்துவிட்டது. எழுபதுகளின் படங்களுக்கு இன்னும் உரிமை உண்டு, உரிமையாளர் எங்கே என்றுதான் தெரியாது. ஏற்றியவரைத் திருடர் என்பீர்களா, காப்பாளர் என்பீர்களா?

சட்டப்புள்ளி

சட்டம் திருடர் என்னும். நான் அந்த யூடியூப் சேனலுக்குச் சந்தாதாரர்.

மாடித்தோட்டம்

எல்லோரும் ஊர் சுற்றிவிட்டோம். தாமிரபரணி கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. ஆச்சி விஷயத்துக்கு வாருங்கள்.

கட்டிங்_டேபிளிடம் ஒரு சந்தேகம். மணி நேரக் கணக்கு என்றீர்களே, நண்பனின் ஐடியில் ஆச்சி ஒரு சின்னப் படம் பார்த்தால் அந்த மணி நேரம் கணக்கில் ஏறுமா, ஏறாதா?

கட்டிங்_டேபிள்

ஏறும். நல்ல கேள்வி, நான் இப்படி யோசித்ததில்லை. யார் பாஸ்வேர்டு என்று எங்களுக்கு வரும் கணக்கில் இருக்காது. ஆச்சி பார்த்த ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான். அந்த வகையில் ஆச்சி எங்களுக்கு ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. இன்னொரு சந்தா போயிற்றே என்று தளம் வேண்டுமானால் வருத்தப்படட்டும். ஆபீஸ் பையனும் தாமிரபரணியும் ஒன்றா என்று கேட்டால், என் தட்டிலிருந்து பார்த்தால் ஒன்றில்லை.

ஆனால் தாமிரபரணி அண்ணே, அது உங்களுக்கு வசதியாகிவிட்டதே என்று சந்தோஷப்படாதீர்கள். 299 பொருட்டில்லை என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

தாமிரபரணி_75

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை என் பெயரில் சந்தா எடுத்து, ஊருக்குப் போய் அம்மா டிவியில் போட்டுவிட்டேன். "ஆச்சி" புரொஃபைல் போய்விட்டதால் அவள் எந்தச் சீரியலை எங்கே நிறுத்தினாள் என்பது தெரியவில்லை. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, "இது பாத்தாச்சு, இந்தப் புள்ளைக்கு இதுல கல்யாணம் ஆயிட்டு" என்று அவள் சொல்லச் சொல்ல, 214-ஆம் பகுதியைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அப்புறம் பழைய பாக்கி. மூன்று வருடம், 36 மாதம், பாதிப் பங்கு மாதம் 150 ரூபாய் என்று வைத்து 5,400 ரூபாயை நண்பனுக்கு ஜிபே செய்தேன். இரண்டு நிமிடத்தில் பணம் திரும்பி வந்துவிட்டது. பின்னாலேயே அவன் போன்.

"டேய், கிறுக்கா உனக்கு? நான் எங்கடா காசு கட்டினேன்? அது ஆபீஸ் சிம். போஸ்ட்பெய்டு பிளானோட சும்மா வர்றது. பில்லு கம்பெனி கட்டுது."

சும்மா_ஒரு_ஆள்

அண்ணே, அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா?

தாமிரபரணி_75

கேட்டுச் சொல்கிறேன். அம்மா நேற்றும் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். நம்பர் எதுவும் வேண்டாம் இப்போது, பிள்ளைக்குச் சளி விட்டதா என்று கேட்கத்தான்.